இடது கால் பெருவிரல்

செருப்பு போட்டுட்டே வந்திருக்கலாம். இந்தக் கான்வாஸ் ஷூவுக்குள்ள கால் வேகுது. ஆனா செருப்புன்னா பெருவிரல் தெரியும், அந்த நகம் தெரியும், கோணலா, மஞ்சளடிச்சு, சிப்பி ஓடு மாதிரி. பதினொரு வருஷமா எனக்கும் எனக்க பெஞ்சாதி பிளசிதாவுக்கும் தவிர வேற யாருக்கும் தெரியாத நகம். இரும்புக் கம்பியால அடிவாங்கின கால்னு ஊரு சொல்லுது, கோர்ட்டுப் பேப்பரும் சொல்லுது. கம்பியடின்னா விரல் நுனி மட்டும் எப்படிடே நசுங்கும்னு ஒருத்தனாவது கேட்டானா? கேக்கல்ல. மணி பதினொண்ணேகால். பத்தரைக்கே வந்து இந்த வராந்தா பெஞ்சுல உக்காந்தாச்சு. கோர்ட்டு டவாலி வாசல்ல வந்து நிக்கும்போதெல்லாம் எனக்க பேருதானோன்னு நிமிந்து பாக்கேன். மூணு தடவை கூப்பிடுவான், பெர்க்மான்ஸ், பெர்க்மான்ஸ், பெர்க்மான்ஸ்னு. கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கதும் மூணு தடவைதான். மூணு ஞாயிறு, இன்னாருக்க மகனும் இன்னாருக்க மகளும் கல்யாணம் செய்யப் போறாவ, தடை இருந்தா தெரிவிக்கணும்னு சாமியாரு வாசிப்பாரு. எனக்க மக ஷெர்லினுக்கு ரெண்டு ஓலை ஆயாச்சு. மூணாவது வர்ற ஞாயிறு. இன்னிக்கு வெள்ளி. நடுவுல ஒரே ஒரு சனிக்கிழமை. அந்த சனிக்கிழமைக்குள்ள ஊர்க் கமிட்டி வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், சாமியாருக்கு ஓலையும் இல்ல, எனக்க மகளுக்குக் கல்யாணமும் இல்ல.

பக்கத்துல இருக்கதே கமிட்டி செயலாளரு. ஹில்லாரி. மாப்பிள்ளைக்கு அப்பன், எனக்க சம்பந்தியாகப் போறவரு. உதடு அசையாமப் பேசுவாரு மனுஷன், ஜெபமாலை சொல்லுத மாதிரி. "வெப்ராளப்படாதீங்க சம்பந்தி. மூணே சங்கதி. யாரு? மாகீன். எதால? இரும்புக் கம்பி. எங்க? இடது கால்ல. அம்புட்டுதான், இறங்கி வந்திரலாம்." காலையிலேருந்து இது ஏழாவது தடவை. பஸ்ல ரெண்டு, டீக்கடையில ரெண்டு, இங்க மூணு. நானும் தலையாட்டுதேன். தலை நல்லாத்தான் ஆடுது, அதுக்கென்ன. எதிர்ப் பெஞ்சு ஜன்னலோரம். அதுல அவங்க ஆளுக. இந்தப் பெஞ்சுக்கு மேல ஃபேன், அதனால இது நாங்க. யாரும் பிரிச்சுக் குடுக்கல்ல, பதினொரு வருஷ வாய்தாவுல தானா ஆயிட்டு. அவங்கள்ல ரெண்டு பேரு செல்போனை எடுத்து எடுத்து மணி பாக்காவ, ஜும்மாவுக்குப் போவணும். மாகீன் கீழ வேப்பமரத்தடியில நிக்கான், கேஸுல உள்ள மத்த எதிரிகளோட. இங்கேருந்து அவனுக்க வழுக்கைதான் தெரியுது. கலவரம் நடந்த அன்னிக்கு அவனுக்கு வழுக்கை இல்ல. ஜன்னல் பெஞ்சுக்க ஓரத்துல அவனுக்க பெஞ்சாதி, ரைஹானத்து. தையல்காரி. சும்மா இருக்க மாட்டா. கோர்ட்டு வராந்தாவுல உக்காந்து யாருக்கோ பிளவுசுக்கு ஊக்கு தைக்கா. ஒரு ஊக்கு தச்சு, நூலைப் பல்லால கடிச்சு, அடுத்த ஊக்கு. எல்லா ஊக்கும் ஒரே இடைவெளியில. நான் எஞ்சின் மெக்கானிக், வள்ளத்து எஞ்சினைக் கண்ணை மூடிட்டு அவிழ்ப்பேன், ஆனா இன்னிக்கு எனக்க கையால ஒரு நட்டு முறுக்க முடியாது. அவளைப் பாரு. கொள்ளாம். பொம்பளன்னா பொம்பள.

எப்படித் தொடங்கிச்சு அந்த எழவுன்னு யாருக்காவது இப்ப ஞாபகம் இருக்கா? பாலத்துக்கு இந்தப் பக்கம் எங்க கோயில், அந்தப் பக்கம் அவங்க பள்ளிவாசல், நடுவுல ஒரு ஆட்டோ போற அகலத்துக்குப் பாலம். ஒரு ஆட்டோ சைடு குடுக்கல்லன்னு வாய்த்தகராறு. எங்க கணக்குல ஆட்டோக்காரன் அவங்க ஆளு. அவங்க கணக்குல வழிய மறிச்சது எங்க ஆளு. அம்புட்டுத்தான் சங்கதி. அதுக்கு முந்தின நாள் வரைக்கும் நாங்க பிடிக்க மீனை அவங்கதான் ஏலம் எடுத்தாவ, அவங்க நோம்புக்கஞ்சி எங்க வீட்டுத் தூக்குவாளியில வந்துது. மறுநாள் அவன் எறிஞ்சா வெறி, நாம எறிஞ்சா தற்காப்பு. அவங்க பக்கத்திலயும் இதே பேச்சாத்தான் இருந்திருக்கும், ஆளை மட்டும் மாத்திப் போட்டு. கோயில் மணியை வேகமா அடிச்சாவ. அந்த மணி அப்படி அடிச்சா கடல்ல வள்ளம் கவுந்துதுன்னு அர்த்தம், ஆம்பளைகள் எல்லாரும் ஓடணும், சின்னதிலேருந்தே பழக்கம். மணி கேட்டா மூளை நிக்கும், கால் ஓடும். எனக்க காலும் ஓடிச்சு. வழியில ஒரு கல்லை எடுத்தேன். நல்ல கருங்கல்லு, தேங்காய் அளவு. உள்ளதச் சொன்னா பயமே இல்ல, கோவம்கூட இல்ல. சந்தோஷமா இருந்துது. எழவெடுத்த மனசு, திருநாளுக்குத் தேர் இழுக்கும்போது இருக்குமே, அந்தச் சந்தோஷம். எல்லாரும் ஒண்ணா ஓடுதோம், நான் தனியாளு இல்ல, எனக்க பேரு தேவையில்ல. இதை நான் எந்தப் பாவசங்கீர்த்தனத்திலயும் சொன்னதில்ல. எந்தச் சாமியாருகிட்ட போய், நான் கல்லைக் கையில வெச்சுட்டு சந்தோஷமா ஓடினேன் சாமின்னு சொல்லுவேன்?

பாலம் தாண்டி மூணாவது கட்டடம் ரைஹானத்துக்க தையல்கடை. ஷட்டர் பாதி இறங்கியிருந்துது. நான் கையை ஓங்கிட்டேன். ஓங்கினது நெசம். ஷட்டருக்குக் கீழ குனிஞ்சு பாத்தேன், உள்ள யாராவது இருக்காவளான்னு பாக்க இல்ல, எங்க எறிஞ்சா கண்ணாடி நல்லா உடையும்னு பாக்க. பாத்தா, ஆணியில தொங்குது ஒரு வெள்ளை உடுப்பு. சின்ன உடுப்பு. கழுத்தில முத்து வெச்சு, கை பலூன் மாதிரி. கோயில்ல முதல்தடவை சாமி வாங்குத அன்னிக்குப் போடவேண்டியது, எனக்க ஷெர்லினுக்க புதுநன்மை உடுப்பு. பத்து நாள் முன்னால நான்தான் கூட்டிட்டு வந்து அளவு குடுத்தேன். பிள்ளை கூச்சப்பட்டு நெளிஞ்சுது, ரைஹானத்து டேப்பைக் கழுத்தில போட்டுட்டு, "நேரா நில்லு மோளே, சாமி வாங்கும்போது இப்படியா நெளிவா?"ன்னு கேட்டா. அந்த உடுப்பு. கை தானா தளந்துது. நல்லவன்னு நெனச்சிராதீங்க, மனம் திரும்பல்ல, ஒரு மண்ணும் இல்ல. எனக்க சாதனம் உள்ள இருந்துது, அதனால எறியல்ல. பக்கத்துக் கடையா இருந்தா எறிஞ்சிருப்பேன். கல்லு வழுக்கி நேரா எனக்க இடது கால்ல விழுந்துது. அம்மோ! அன்னிக்கு ரப்பர் செருப்பு. நகம் பெயர்ந்து தொங்கிச்சு. அங்கேயே ரோட்டுல உக்காந்து காலைப் பிடிச்சுட்டு, பேறுகால வீட்டுப் பொம்பளை மாதிரி அலறினேன். அப்பதான் பின்னால வந்த கூட்டம் என்னையத் தாண்டிப் போயி ஷட்டரைத் தூக்கிச்சு. என்னையத் தோளில தூக்கிட்டுப் போறாவ, திரும்பிப் பாக்கேன், கடைக்குள்ளேருந்து புகை. அதுக்கு மேல நான் பாக்கல்ல.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருதுக்குள்ள என்னைய மாகீன் கம்பியால அடிச்சாச்சு. கமிட்டி லிஸ்டு போட்டுட்டு இருந்தாவ. எங்க பக்கம் அடிபட்டவங்க ஒம்பது பேரு, அவங்க பக்கம் ஒம்பது முக்கியஸ்தர் பேரு வேணும், ஆளுக்கு ஒண்ணு. குலுக்கல் சீட்டு மாதிரி எனக்கு மாகீன் விழுந்தான். ஐஸ் வண்டி ஓட்டுதவன். ஹில்லாரிக்க வள்ளத்துக்கு ஒருநாள் ஐஸ் தரமாட்டேன்னு சொன்னவன். அன்னிக்கு அவன் அவனுக்க உம்மாவுக்குக் கண் ஆப்பரேஷனுக்குப் போயிருந்தான்னு ஊருக்கே தெரியும். "அதெல்லாம் பாத்தா முடியுமாடே, அவனுவ மட்டும் நேரா எழுதுவானுவளா?"ன்னாரு ஹில்லாரி. அதுவும் நெசந்தான். அவங்க குடுத்த லிஸ்டுல ஒன்பதாவது எதிரி எங்க பழைய உபதேசியாரு, அப்பவே செத்து ரெண்டு வருஷமாயிருந்துது, கல்லறைத் தோட்டத்தில படுத்திருக்காரு. இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம். மாகீனுக்குச் சிரிப்பு வந்திருக்காது. கேஸு இருக்குன்னு பாஸ்போர்ட்டு குடுக்கல்ல, சவுதியில ஓட்டுநர் வேலை வந்தது போச்சு, பதினொரு வருஷமா மாசாமாசம் இந்த வேப்பமரத்தடி. எனக்குப் பாரு, மாலை. திருநாளுக்குத் தேருக்கு முன்னால கொடி பிடிக்க இடம். பயலுவ என்னையக் கூப்பிடதே "காலு குடுத்த அண்ணே"ன்னு. முதல்ல கூச்சமா இருந்துது. பிறவு பழகிட்டு. பிறவு, உள்ளதச் சொல்லணும்னா, கொஞ்சம் நொண்டிக்கவும் பழகினேன்.

உடுப்பு வந்துது. கலவரம் முடிஞ்சு எட்டாம் நாள், கன்னியாஸ்திரி ஒருத்தி கொண்டுவந்து குடுத்தா, நியூஸ்பேப்பர்ல சுத்தி. கடை எரிஞ்சு, மிஷின் எரிஞ்சு, கட்டுக்கட்டா ஊருத்துணி எரிஞ்சுது, இது எப்படித் தப்பிச்சுதுன்னு தெரியாது. ஒரு கை மட்டும் புதுத்துணி, பழையது கருகியிருக்கும்போல. மிஷின் இல்லாம கையாலயே தச்சிருந்தா, பொடிப்பொடியா, மிஷினு தோத்துப்போகும். துணியில புகை வாசம். பிளசிதா மூணு தடவை அலசி நீலம் போட்டா. ஷெர்லின் அதைப் போட்டுட்டு மெழுகுதிரி பிடிச்சு நின்னா, தேவதை மாதிரி. எங்க தச்சதுன்னு கேட்டவங்ககிட்ட, டவுண்ல ரெடிமேடுன்னு சொன்னேன். நான்தான் சொன்னேன். வேற யாரும் சொல்லச் சொல்லல்ல.

இன்னிக்கு நடக்கது நாங்க போட்ட கேஸு, போன மாசம் அவங்க போட்ட கேஸு விசாரணைக்கு வந்துது. அதுல நான் எதிரி, நாலாவது எதிரி, வரிசையில நாங்க பதினாலு பேரு. ரைஹானத்து கூண்டுல ஏறினா. கடை அவளுக்குள்ளது, எரிஞ்சது அவளுக்குள்ளது. பதினாலு பேரையும் காட்டுவான்னு அவங்க ஜமாத்தே வந்து உக்காந்திருக்கு. வக்கீல் கேட்டாரு, கடையை உடைச்சவங்க யாருன்னு. அவ ஒவ்வொருத்தர் முகமா பாத்தா, அவசரமே இல்லாம, ஒரு ஆளுக்கு எத்தனை இஞ்சுன்னு அளக்குத மாதிரி. ரெண்டு பேரைத்தான் காட்டினா. அதுல ஒருத்தன் ஹில்லாரிக்க தம்பி. மத்தவங்கள? "நான் பாக்கல்ல. பாக்காததச் சொல்ல மாட்டேன்." எனக்க முன்னால வந்ததும் நின்னா. "இவரு கடைக்கு முன்னால நின்னாரு. கையில கல்லு இருந்துது. எறியல்ல." அதோட வக்கீல் நிறுத்திட்டாரு, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கன்னு. அவ நிறுத்திட்டா. பிறவு எங்க வக்கீல் குறுக்க கேட்டாரு, முதல் கல்லு எந்தப் பக்கமிருந்து வந்ததுன்னு, மடக்கிட்டதா நெனச்சு. அவ யோசிக்கவே இல்ல. "எங்க பக்கமிருந்து. எனக்க தம்பி எறிஞ்சான்." யம்மா! தம்பி முன்வரிசையில உக்காந்திருக்கான். அவனுக்க மக கல்யாணத்துக்கு இவளை விளிக்கல்லன்னு பிறவு கேள்விப்பட்டேன். ஜமாத்து ஆளுக தையல் குடுக்கதையும் நிறுத்திட்டாவளாம். இன்னிக்கு அவ மடியில இருக்க பிளவுசு யாருக்குன்னு தெரியல்ல, அவளுக்குள்ளதாத்தான் இருக்கும். ஊரே பொய் சொல்லும்போது கூடச்சேர்ந்து ஒரு பொய் சொல்லுதது எவ்வளவு லேசு தெரியுமா? பாரமே இருக்காது. இவ மட்டும் எப்படி? என்ன சாப்பிட்டு வளர்ந்தா இவ? எனக்கு அவகிட்ட அப்படியே கேக்கணும்போல இருக்கு. கேட்டா ஹில்லாரி காதுல விழும்.

ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் பிடிபடல்ல, ஒரு மாசமா அதே இடத்தில சுத்துதேன், மணலில சிக்கின வண்டி மாதிரி. நான் கல்லு வெச்சிருந்ததப் பாத்தா. எறியாததப் பாத்தா. அப்ப கல்லு கால்ல விழுந்ததப் பாத்தாளா இல்லியா? பாத்திருந்தா ஏன் சொல்லல்ல? அதைச் சொல்லியிருந்தா மாகீன் மேல உள்ள கேஸு அன்னிக்கே படுத்திருக்கும். சொந்தப் புருஷன். பாஸ்போர்ட்டு கிடைச்சிருக்கும். வக்கீல் நிறுத்தினாருன்னு நிறுத்தினாளா? தம்பியைக் காட்டினவ, இதுக்கா பயப்படுவா? ஒருவேளை பாக்கல்ல, அதுக்குள்ள பின்வாசல் வழியா ஓடியிருப்பா. பாக்காததச் சொல்ல மாட்டாளே. அப்படித்தான் இருக்கும். அப்படின்னா என்னையத் தவிர சாட்சி இல்ல, நான் எதைச் சொன்னாலும் அதுதான் நெசம். மாகீன், இரும்புக் கம்பி, இடது கால். சொல்லிட்டு இறங்கி, பஸ்ஸைப் பிடிச்சு, ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில உக்காந்து எனக்க மக பேரைக் கேக்கலாம். ஆனா பாத்திருந்தா? பாத்துட்டும் அதை எனக்கு விட்டுவெச்சிருந்தா? இது நீ சொல்லவேண்டியது, நான் எடுக்க மாட்டேன்னு? சேசுவே, அப்படி ஒரு மரியாதையை யாராவது எனக்குத் தந்திருக்காவளா, மாலை போட்டவங்களாவது? வேண்டாம், நெனைக்காதே. ஷெர்லினை நெனை. ஓலை நின்னுபோன பொண்ணைப் பாத்திருக்கேன், எங்க தெருவுலயே உண்டு, கோயிலுக்குக்கூட கடைசிப் பூசைக்குத்தான் வருவா. அந்த மாதிரி எனக்க பிள்ளை, அந்த முத்துவெச்ச உடுப்புப் பிள்ளை. ஹில்லாரி எட்டாவது தடவை சொல்லுதாரு. யாரு, எதால, எங்க. ஷூவுக்குள்ள நகம் குத்துது.

பெர்க்மான்ஸ். எழும்பிட்டேன். பெர்க்மான்ஸ். கால் நடக்கு, நொண்டாம நடக்கு, இத்தனை வருஷத்துக்குப் பிறவு நொண்ட மறந்துட்டேன், செவமே. பெர்க்மான்ஸ். கூண்டு. சத்தியம். நீதிபதி அம்மா சின்ன வயசு, ஷெர்லினைவிட ஒரு பத்து கூடுதல் இருக்கும். ஓரமா மாகீன், கையைக் கட்டிட்டு, எங்கேயோ பாத்துட்டு. அரசு வக்கீல் கேட்டாரு, உங்களை யார் அடிச்சது? நான் ரைஹானத்தைத் தேடினேன். வாசல்ல நிக்கா. என்னையப் பாக்கல்ல. மடிச்ச பிளவுசைக் கையில வெச்சு, தச்ச ஊக்கை ஒவ்வொண்ணா இழுத்துச் சரிபாக்கா. அவ பாத்திருந்தா, ஒரு கெஞ்சல் கண்ணுல இருந்திருந்தா, நான் மாகீன்னுதான் சொல்லியிருப்பேனோ என்னமோ. அவ பாக்கல்ல. "யாரும் அடிக்கல்லம்மா," வக்கீலுக்கு இல்ல, அந்த அம்மாவுக்குச் சொன்னேன், "எனக்க கையில இருந்த கல்லு எனக்க கால்ல விழுந்துது." யாரோ சிரிச்சாவ. வக்கீல் பேப்பரைப் புரட்டினாரு, பிறழ்சாட்சின்னு என்னமோ சத்தம்போட்டாரு. அப்ப போலீஸ்ல ஏன் மாகீன்னு சொன்னீங்கன்னு அந்த அம்மா கேட்டா. "எழுதித் தந்தாவ, சொன்னேன்." எதுக்குக் கல்லு எடுத்தீங்க? "எறியத்தான்மா." பின்ன ஏன் எறியல்ல? நல்லவனா இறங்க ஒரு வாய்ப்பு, பாலத்துல ஒத்தை ஆட்டோ மாதிரி எனக்க முன்னால நிக்கு. ஏறல்ல நான். "உள்ள எனக்க மகளுக்க உடுப்பு தொங்கிச்சு. அது இல்லேன்னா எறிஞ்சிருப்பேன்." டைப்படிக்குத பொண்ணு நிறுத்தி என்னைய ஒருதடவை பாத்துட்டு, அதையும் அடிச்சா.

வெளிய வந்தேன். ஃபேனுக்குக் கீழ ஹில்லாரி எழும்பி நிக்காரு, குடையைக் கக்கத்தில இடுக்கிட்டு. முகத்தில கோவம்கூட இல்ல. "ஞாயிற்றுக்கிழமை ஓலை இல்ல பெர்க்மான்ஸ்," அப்படின்னாரு. சம்பந்தின்னு விளிக்கல்ல. படி இறங்கிப் போயிட்டாரு. அவருகூட வந்தவங்களும் எழும்பிப் போனாவ. ஷெர்லினுக்கு நான் என்ன சொல்லப்போறேன்? வீட்டுக்கு எந்த வழியாப் போறது? பிளசிதா வாசல்லயே நிப்பாளே. எங்கயாவது உக்காரணும், எங்க பெஞ்சு காலியாத்தான் கிடக்கு, ஆனா அங்க போக மனசு வரல்ல. ஜன்னல் பெஞ்சுலயும் ஆம்பளைகள் ஜும்மாவுக்குப் போயிட்டாவ. ரைஹானத்து மட்டும் திரும்ப வந்து அந்த ஓரத்துல உக்காந்திருக்கா. மாகீனுக்குக் கையெழுத்துப் போட இன்னும் விடல்ல. நான் போயி நின்னேன். அவ பக்கத்தில இருந்த அவளுக்க தூக்குவாளியை எடுத்து மறுபக்கம் வெச்சு, இடம் விட்டா. உக்காந்தேன். ஜன்னல் வழியா நல்ல காத்து, இத்தனை வருஷம் இது தெரியாமப் போச்சு. அவ பிளவுசைப் பைக்குள்ள வெச்சா, ஊசியைத் துணியில குத்திச் சொருகினா, பிறவு எனக்க ஷூவைப் பாத்தா.

"ஷெர்லினுக்க அப்பா," அப்படின்னு விளிச்சா, "அந்த நகம் பிறவு மொளச்சுதா?"

நகத்தைப் பத்தி நான் கூண்டுல ஒரு வார்த்தை சொல்லல்ல. கால்னுதான் சொன்னேன். குனிஞ்சு ஷூவுக்க கயிறை அவிழ்த்தேன்.